ஓரத்தில் நின்றவள்

"கூட வர்றவங்க எப்ப வருவாங்க?"

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழை நாளில், சாப்பாட்டுக் கடைக்காரி ஒருத்தி ஓக்ஜூவிடம் கேட்ட கேள்வி இது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. சியோலில் மேஜை மேலேயே கொதிக்க வைத்துத் தின்னும் எதையும் ஒற்றை ஆளுக்குத் தரமாட்டார்கள். இரண்டு பேர் என்றால்தான் அடுப்பு பற்றும். ஓக்ஜூ சற்று யோசித்துவிட்டு, "வந்துக்கிட்டே இருக்காங்க" என்றாள். சட்டி வந்தது. வந்துகொண்டிருந்தவர் வரவேயில்லை. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டு, தனியாகச் சாப்பிட்டு, மீதியைக் கட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது அவள் வழக்கமாகிவிட்டது.

அந்தப் பழைய கேள்வி ஒரு வழக்கில் தன் காலை வாரிவிடும் என்று, துப்பறியும் தொழிலில் நரைத்துப்போன ஓக்ஜூ ஒருநாளும் எதிர்பார்க்கவில்லை.

வழக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது.

சினிமாக்காரர்கள் பேட்டையான சுங்முரோ சந்தில், ஓர் அச்சகத்துக்கு மேலே மூன்றாம் மாடி. கீழே இயந்திரம் ஓட ஓட, மாடிப்படி பல் வலிக்காரன் தாடை மாதிரி அதிர்ந்தது. அவளுடைய உதவியாளன் தல்சூ ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் வைத்தபடி ஏறினான். முன்பு டாக்சி ஓட்டியவன். வண்டிக்கு பிரேக் பிடிக்கும், வாய்க்குப் பிடிக்காது.

"அக்கா, சினிமாக்காரங்க வீட்டு வாசல்ல நடிகைங்க நிப்பாங்கன்னு சொன்னீங்க. காகிதக் கட்டுதான் நிக்குது."

"நான் எப்படா சொன்னேன்?"

"சொல்லியிருக்கலாம். நானும் வேகமா ஏறியிருப்பேன்."

கதவைத் திறந்தவர் பாங். பழைய படச்சுருள்களைச் சுத்தம் செய்து, வீட்டுத் திரைக்கு ஏற்ற டிஸ்க்காக மாற்றித் தரும் கூடத்தின் முதலாளி. தூங்கி நாளான கண்கள். உட்காரச் சொல்லக்கூட மறந்து, நேராகச் சங்கதிக்கு வந்தார்.

"அழிச்ச பொண்ணு திரும்பத் திரும்ப வர்றா."

தல்சூ வாயைத் திறப்பதற்குள் ஓக்ஜூ அவன் காலை மிதித்தாள்.

பாங் அவர்களைப் பார்வையறைக்கு அழைத்துப் போய்த் திரையைக் காட்டினார். 'நெத்திலித் தீவு' என்ற கறுப்புவெள்ளைப் படம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அகலத் திரைக்கென்று எடுத்தது. ஆனால் தொலைக்காட்சி சதுரமாக இருந்த காலத்தில் இரண்டு ஓரங்களையும் வெட்டிவிட்டு நடுப்பாகத்தை மட்டும் காட்டிக் காட்டி, படம் என்றாலே அந்த நடுப்பாகம்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. முழு அகலமும் உள்ள ஒரே பிரதி போன வருஷம் வெளிநாட்டுக் கிடங்கு ஒன்றில் அகப்பட்டது.

கடைசிக் காட்சி. படகுத்துறை. வெள்ளைப் பாவாடையில் கதாநாயகி, போகிற படகைப் பார்த்து நிற்கிறாள். அவள் பாவாடையின் மேல் கம்பத்தின் நிழல் ஒன்று ஆடுகிறது. பின்னால் கடல். எல்லாம் சோகமாக, அழகாக இருந்தது, வலது ஓரத்தைப் பார்க்கும்வரை.

அங்கே இளம்பெண் ஒருத்தி நின்றாள். தலையில் துணி போர்த்திய சோற்றுக்கூடை. படத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. காமிராவை நேராகப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வேடிக்கை பார்க்க வந்த யாரோ. அந்தக் காலத்துல யாரும் கவனிக்கல. டிவியில ஓரத்தை வெட்டிட்டதால தெரியவும் இல்ல. இப்போ பெரிய திரையில நிறுத்தி நிறுத்திப் பார்ப்பானுங்க. கதாநாயகி அழறா, ஓரத்துல ஒருத்தி பல்லைக் காட்டறா. என் பேரு நாறிடும்" என்றார் பாங்.

வாங்குகிற நிறுவனமும் அதையேதான் சொல்லியிருந்தது. தப்பில்லாத படம் வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு கூடத்துக்குப் போகும். அப்படிப் போனால் பாங் கதவைச் சாத்த வேண்டியதுதான். ஆகவே அவரே உட்கார்ந்து, படத்தின் ஒவ்வொரு சட்டகமாக அந்தப் பெண்ணை அழித்து, அவள் இருந்த இடத்தில் கடலை வரைந்து நிரப்பினார். போன வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் அவள் அதே இடத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். சேமிக்க மறந்துவிட்டோம் என்று நினைத்து வாரக் கடைசி முழுக்க மறுபடி அழித்தார். இன்று காலை மறுபடி நிற்கிறாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவங்க பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள இதை யார் செய்யறான்னு தெரிஞ்சாகணும். இல்லேன்னா நான் அழிப்பேன், அவன் வரைவான், இதுவே பொழப்பாப் போயிடும்."

ஓக்ஜூ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். எதற்காக இப்படிச் சிரிக்கிறாள்? யாரைப் பார்த்து? அஞ்சு மணிக்குப் பிறகு இந்தச் சிரிப்பு உலகத்தில் எங்கேயும் இருக்காது. சுருளும் அழுகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒருமுறைதான் இயந்திரத்தில் ஓடும் என்ற நிலை, அந்த ஒருமுறையும் ஓட்டியாகிவிட்டதாம்.

அழிக்கும் இயந்திரத்தை வேறு யார் தொடுவார்கள் என்று கேட்டாள். யாருமில்லை என்றார் பாங். பூட்டு அவர் இடுப்பில், கடவுச்சொல் அவர் தலையில். அழித்து முடித்ததும் படம் அடுத்த அறைக்குப் போய்த் தூசி துடைக்கப்பட்டுத் திரும்பும். அவ்வளவுதான்.

"துடைக்கிறது யாரு?"

"மிரான். கோடு, புள்ளி, மயிர், இதுதான் அவ வேலை. இருக்கிற இடம் தெரியாது. நாலு வருஷத்துல நாலு வார்த்தை பேசியிருந்தா அதிகம்."

பேரைச் சொன்னதும் கூப்பிட்ட மாதிரி அவள் வந்தாள். மெலிந்த பெண், கைகளில் வெள்ளைக் கையுறை. தட்டில் காகிதக் கோப்பைகளும் காபிப்பொடி பொட்டலங்களும் இருந்தன. ஊரெல்லாம் அந்தப் பொட்டலத்தை விரலால் பிய்த்துக் கொட்டி, அதாலேயே கலக்கும். மிரான் சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, நூல் பிடித்தாற்போல் நேராக வெட்டி, கரண்டியால் கலக்கினாள்.

"தங்கச்சி, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா? பொட்டலம் பொழைக்குமா?" என்றான் தல்சூ.

அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கதவு மூடிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

தடயம் என்று பாங் இரண்டைத்தான் வைத்திருந்தார். ஒன்று, போன வெள்ளிக்கிழமை பார்வையறைக் குப்பைத்தொட்டியில் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் உறைகள். சாப்பாட்டுக் கடைகளில் கை துடைக்கத் தரும் ஈரத்துணியின் உறைகள். இரண்டிலும் 'மாமியார் கோழிக்கடை' என்று அச்சடித்திருந்தது. ஒன்றின் மூலை பல்லால் கடித்தது போல் பிய்ந்திருந்தது. மற்றது நேராகத் திறந்திருந்தது. அந்த அறையில் யாரும் வாயில் ஒன்றும் போடக்கூடாது என்பது பாங்கின் சட்டம். வியாழக்கிழமை மதியம் அவர் வெளியே போயிருந்த நேரத்தில் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள்.

தல்சூ விரலை ஆட்டினான். "ரெண்டு உறை. ரெண்டு பேரு. அக்கா, இதுக்கு டாக்சிக்காரன் மூளையே போதும்."

"ஒரே ஆளு" என்றாள் ஓக்ஜூ. "அந்தக் கடையை எனக்குத் தெரியும். முழுக்கோழி, ரெண்டு பேருக்குக் குறைஞ்சு கிடையாது. கிளம்பும்போது தலைக்கொரு ஈரத்துணி கையில கொடுப்பாங்க. வந்த தலைக்கு இல்ல, சொன்ன தலைக்கு. தனியாப் போய் ரெண்டு பேருக்குச் சொல்லித் தின்னுட்டு வந்த ஆளு இது."

"தனியாவா? முழுக்கோழியா?"

"நீ கல்யாணம் ஆனவன். உனக்குத் தெரியாது."

சில இடங்களில் தல்சூவின் வாய்க்கும் பிரேக் பிடிக்கும்.

இரண்டாவது தடயம் வாசல் ஆணியில் தொங்கியது. வயலில் போடும் வைக்கோல் தொப்பி. வெளியே அக்டோபர் குளிர். தொப்பியைச் சுற்றி ரிப்பன் இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு கறுப்புப் பட்டை. அதன் இரு விளிம்பிலும் வரிசையாகத் துளைகள். படச்சுருள்தான்.

பாங் முகம் சுளித்தார். ஓடி முடிந்த படங்களை அந்தக் காலத்தில் எடை போட்டுத் தொப்பிக்காரர்களுக்கு விற்றுவிடுவார்கள். மழையில் நனைந்தாலும் கெடாது, பார்க்கவும் மினுக்கு. "நம்ம படத்துல பாதி, குடியானவன் தலையிலதான் முடிஞ்சுபோச்சு."

"அப்ப ஒவ்வொரு வயல்லயும் ஒரு தியேட்டர் நடந்து போயிருக்கு. டிக்கெட் வாங்கினது கொக்கு மட்டும்தான்" என்றான் தல்சூ.

தொப்பி யாருடையது? ஒரு கிழவன், என்றார் பாங். வசந்தகாலத்தில் இரண்டு மூன்று தடவை இப்படித் தொப்பியும் கையுமாக வந்து, இது எந்தப் படம், அது எந்தப் படம் என்று கேட்டுத் தொல்லை பண்ணினான். விரட்டிவிட்டார். பேர், ஊர் தெரியாது. இந்தத் தொப்பியை வெள்ளிக்கிழமைதான் பார்த்தார். கீழே அச்சகத்து ஆள் எவனாவது மாட்டியிருப்பான் என்று விட்டுவிட்டார்.

ஓக்ஜூ தொப்பியைக் கழற்றித் தன் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கோழிக்கடைச் சந்தில் வண்டி நிறுத்த இடமில்லை. தல்சூ இடம் தேடிப் போனான். ஓக்ஜூ உள்ளே நுழைந்ததும், ஏப்ரனில் கையைத் துடைத்தபடி கடைக்காரி வந்தாள். அவள் மாமியாராகிப் பல காலம் ஆகியிருக்கும். குரலில் அது இருந்தது.

"கூட வர்றவங்க எப்ப வருவாங்க?"

"வண்டியை நிறுத்திட்டு வர்றான்" என்றாள் ஓக்ஜூ. அப்படிச் சொல்லும்போது தனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்ததைக் கண்டு வெட்கப்பட்டாள். அந்தக் கேள்விக்கு அவள் உண்மையைப் பதிலாகச் சொல்லி எத்தனை காலமாயிற்று.

தல்சூவும் வந்து உட்கார்ந்து, கோழி வெந்துகொண்டிருக்கையில் ஓக்ஜூ தொப்பியை எடுத்துக் காட்டினாள். கடைக்காரி பார்த்தவுடனே சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை தாத்தா. கில் என்று பேர். சங்சின் மலை உச்சியில், தையற்கூடங்களுக்கு மேலே ஒற்றை அறை. ஒவ்வொரு வியாழனும் வருவார், இரண்டு பேருக்குச் சொல்வார், எதிர் இருக்கையில் தொப்பியை உட்கார வைப்பார். அதற்கு முன்னாலும் ஒரு கிண்ணம், சாப்பிட ஒரு ஜோடிக் குச்சி. யாரும் வரமாட்டார்கள். பாதிக் கோழியைக் கட்டிக்கொண்டு போவார்.

ஓக்ஜூ தல்சூவைப் பார்த்தாள். தல்சூ சட்டியில் வேகும் உருளைக்கிழங்கைப் பார்த்தான்.

"போன வியாழன்?"

"வந்தாரே. அன்னைக்குக் கட்டிக்கொடுக்க ஒண்ணும் இல்ல. எலும்பைக்கூட விடல. மனுசனுக்கு என்ன பசியோ." கடைக்காரி பக்கத்து அடுப்பைத் தணிக்கத் திரும்பினாள். "போம்போது தலையில தொப்பியும் இல்ல. குளிர்ல வெறுந்தலையாவா போவீங்கன்னு வாசல்ல புடிச்சுத் திட்டினேன்."

போதும். தொப்பியோடு வந்தவர் தொப்பியில்லாமல் போயிருக்கிறார். தொப்பி பாங்கின் ஆணியில் தொங்கியிருக்கிறது. ஓக்ஜூவுக்குச் சங்கிலி முழுசாகக் கையில் வந்துவிட்டது. தனிமையில் இருக்கும் ஒருவரை இன்னொருவர் தேடிப் பிடிக்க நேரமா ஆகும்?

கிளம்பும்போது கடைக்காரி இருவர் கையிலும் ஈரத்துணி வைத்தாள். தல்சூ அங்கேயே தன்னுடையதைப் பல்லால் கடித்துப் பிய்த்தான்.

சங்சின் மலை ஏறுவதற்குள் தல்சூ சாப்பிட்டதெல்லாம் செரித்துப்போனது. இருபுறமும் தையல் இயந்திரங்களின் கடகடப்பு, நீராவி. உச்சியில் நீலக் கதவு. தட்டியதும் திறந்தார் கில். உயரமான, முதுகு வளையாத கிழவர். யார், என்ன என்று கேட்கவில்லை. யாரோ வந்ததே போதும் என்பது போல் உள்ளே அழைத்தார்.

உள்ளே கால் வைத்த தல்சூ செருப்பைக் கழற்றாமல் அண்ணாந்து பார்த்தான்.

சுவர் தெரியவில்லை. தரையிலிருந்து கூரைவரை வைக்கோல் தொப்பிகள். மஞ்சள், பழுப்பு, காய்ந்து கறுத்தது, எலி கடித்தது. ஒவ்வொன்றிலும் அதே கறுப்புப் பட்டை. ஜன்னல் வெளிச்சத்தில் அத்தனை பட்டைகளும் மினுங்கின. அறை நடுவே புத்தம்புதிய அகலத் தொலைக்காட்சி ஒன்று, முகத்தில் ஒட்டிய காகிதம்கூடப் பிரிக்காமல். அதற்கு எதிரே இரண்டு மெத்தைகள், அருகருகே.

ஓக்ஜூ தொப்பிகளைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். கில் ஒன்றை எடுத்து, பட்டையின் தளர்ந்த முனையைத் தூக்கி, பக்கவாட்டில் திருப்பி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். உள்ளே ஆட்கள் தெரிந்தார்கள், மூங்கில் போல ஒல்லியாக, நெடுநெடுவென்று. அகலப் படத்தை ஒடுக்கித்தான் சுருளில் பதிப்பார்கள், திரையில் போடும்போது லென்ஸ் கண்ணாடி அதை விரிக்கும் என்று சொல்லிவிட்டு, பட்டைக்கு முன்னால் ஒரு குவளைத் தண்ணீரை வைத்தார். குவளை வழியாகப் பார்த்தபோது மூங்கில்கள் சதை போட்டு மனிதர்களானார்கள்.

"எங்க மாமியாருக்கு இதை எதிர்ப்பக்கம் வெக்கணும்" என்றான் தல்சூ மெதுவாக. கில் சிரித்தார். நல்ல சிரிப்பு. பிறகு, கேட்காமலே சொன்னார்.

'நெத்திலித் தீவு' படத்தில் அவர் காமிரா உதவியாளர். கல்யாணமாகி இரண்டு மாதம். மனைவி சூன்பே அன்று தலையில் சோற்றுக்கூடையோடு படகுத்துறைக்கு வந்துவிட்டாள். எங்கே நிற்கட்டும் என்று கேட்டாள்.

"கம்பத்துக்கு அந்தாண்ட நில்லு, நீ படத்துல விழமாட்டேன்னு நான்தான் சொன்னேன். பழைய காமிராக் கண்ணாடிக்கு அது வெளிதான். அந்த வாரம்தான் அகலக் கண்ணாடி வந்துச்சு. எங்க யாருக்குமே கை பழகல. புதுசுக்கு அது உள்ள."

பிலிம் விலையில் மறுபடி எடுக்க வழியில்லை. படம் வந்ததும் இருவரும் தியேட்டருக்குப் போனார்கள். தன்னைத் திரையில் கண்டதும் சூன்பே முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் தோளில் சாய்ந்தாள். அந்தக் குளிர்காலம், அவர் வெளியூர்ப் படப்பிடிப்பில் இருந்தபோது, தரையைச் சூடாக்க அடியில் எரித்த கரியின் புகை அறைக்குள் கசிந்து அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள். வழக்கப்படி அவருடைய தாயார் இறந்தவளின் துணிமணியை எரித்தார். கல்யாணப் போட்டோவும் அதற்குள் இருந்தது.

"அப்புறம் டிவியில போட்டப்பெல்லாம் பார்ப்பேன். ஒரு சாண் தள்ளி வெட்டிடுவான். அவ நிழல் மட்டும் தெரியும், கதாநாயகி பாவாடை மேல. நிழல் குலுங்கும். அவ சிரிக்கறான்னு எனக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரியாது." சுவரைக் காட்டினார். "தொப்பியாப் போச்சுன்னு சொன்னாங்க. சந்தை சந்தையா வாங்கினேன். அந்தப் படம் கிடைச்சுது, அந்தத் துண்டு கிடைக்கல."

ஓக்ஜூ சுவரெல்லாம் தொங்கிய தொப்பிகளை ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் தொழில் தொழில்தான். துணிப்பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இதை நீங்க பாங் கூடத்துல விட்டுட்டு வந்துட்டீங்க, ஐயா. போன வியாழன்."

கில் தொப்பியைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் வரும் என்று ஓக்ஜூ காத்திருந்தாள். வந்தது வேறு. அடிபட்டது போன்ற ஒரு வாட்டம்.

"அந்தப் பொண்ணுக்குக் கொடுத்தேனே. வேணாம்னுட்டாளா?"

"எந்தப் பொண்ணு?"

"பேசாத பொண்ணு. முதலாளி என்னை விரட்டினப்ப, பின்னாடியே படியிறங்கி வந்து இந்த விலாசத்தையும் வியாழக்கிழமை நான் சாப்பிடற கடையையும் எழுதி வாங்கிட்டுப் போச்சு. போன வியாழன் கடைக்கே வந்து எதிர்ல உக்காந்துச்சு. அப்புறம் அங்க கூட்டிட்டுப் போய்க் காட்டிச்சு. பெரிய திரையில. அவ முழுசா இருந்தா." அவர் புதுத் தொலைக்காட்சியைத் தடவினார். "டிஸ்க் வந்ததும் வீட்டுலயே பார்க்கலாமாம். அதான் வாங்கிட்டேன். எப்படிப் போடறதுன்னுதான் தெரியல."

அழிக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது.

ஓக்ஜூ தன் கைப்பையைத் திறந்தாள். உள்ளே, இதற்கு முன் சாப்பிட்ட எத்தனையோ சாப்பாடுகளின் ஈரத்துணிகள், ஒன்றுகூடப் பிரிக்காதவை. தனியாகச் சாப்பிடுகிறவள் ஒன்றைத்தான் பிரிப்பாள். இரண்டாவது பைக்குள் போகும். இது அவளுக்குத் தெரியாதா? பாங்கின் குப்பைத்தொட்டியில் இரண்டுமே பிரிந்து கிடந்தன. ஒன்று பிய்த்தது, இன்னொன்று கத்தரியால் நேராக வெட்டியது. எதிரே உட்கார்ந்தவளைக் கவனிக்காத கடைக்காரியே எலும்புகூட மிஞ்சவில்லை என்றாள். வெறுந்தலையோடு கடையை விட்டவர் தொப்பியைக் கூடத்தில் விட்டிருக்கவும் முடியாது. எல்லாம் கண்முன்னால் இருந்தது. ஒற்றை ஆள் என்று அவள்தான் முடிவு கட்டிவிட்டாள், தன்னை வைத்து.

"ரெண்டு பேருன்னு நான் காலையிலேயே சொன்னேன்" என்றான் தல்சூ. ஆனால் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

கிளம்பும்போது தொப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "அவளுக்குப் பிடிச்சிருக்கு, ஐயா. பத்திரமா ஆணியில மாட்டி வெச்சிருந்தா. நான்தான் கேக்காம எடுத்துட்டேன்."

அவர்கள் மூன்றாம் மாடிக்குத் திரும்பியபோது மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓக்ஜூ முதல் வேலையாகத் தொப்பியைப் பழைய ஆணியில் மாட்டினாள். பாங் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பார்வையறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். இரண்டு தடவை பழகிய கையால் ஒரே பகலில் மறுபடி அழித்துவிட்டார். இரண்டும் தயாராக இருந்தன, பெண் இருக்கிற படமும் இல்லாத படமும். தூசி அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மிரானின் கைகள் வெள்ளைக் கையுறையோடு அசையாமல் மேஜை மேல் இருந்தன.

"ஆளு கிடைச்சானா?"

"முதல்ல அழிச்ச படத்தைப் போடுங்க."

போட்டார். துறை, கடல், படகு. வலது ஓரத்தில் யாருமில்லை. சுத்தமான வேலை, மனுஷன் கெட்டிக்காரர்தான்.

"பாவாடை மேல என்ன நிழல் அது?"

"கம்பம். படகு கட்டற கம்பம்."

"தலை உருண்டையா இருக்கே."

"கம்பத்து உச்சி."

"குலுங்குதே, சார்" என்றான் தல்சூ. "உங்க ஊர்ல கம்பம் சிரிக்குமா?"

பாங் திரைக்கு அருகே போனார். நிறுத்தினார். ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தினார். நிழலின் தலைமேல் கூடை. கூடைக்குக் கீழே கழுத்து. கழுத்துக்குக் கீழே, இடுப்பில் வைத்த ஒரு கை. வெள்ளைத்துணி முழுக்க அது படர்ந்து, மடிப்புக்கு மடிப்பு வளைந்து, கதாநாயகியின் விரல்கள் மேலெல்லாம் ஏறி இறங்கியது. கடலை வரையலாம். இதை அழிக்க வேண்டுமென்றால் கதாநாயகியையே அழித்து வரைய வேண்டும்.

"வீட்டுல நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவன் கேப்பான்" என்றாள் ஓக்ஜூ. "ஆளே இல்லாம யாரோட நிழல்னு. அவ இருந்தா அது ஒரு தப்பு. அவ இல்லேன்னா அது பேய்."

அந்தப் பெண் யார், எதற்காக அங்கே நின்றாள், யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்பதையும் சொன்னாள். மலை உச்சியில் பிரிக்காத தொலைக்காட்சிக்கு எதிரே கிடக்கும் இரண்டு மெத்தைகளையும் சொன்னாள். கீழே அச்சக இயந்திரம் நின்றது. மாடிப்படியில் பல ஜோடி பாதணிகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது.

பாங்கின் கை நீண்டது. அழித்த படத்தை மூடினார். மற்றதைத் திறந்தார். வலது ஓரத்தில் சூன்பே வந்து நின்றாள்.

"விழுந்தா அவளோட சேர்ந்தே விழறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். வாசலுக்குப் போகத் திரும்பியவர் நின்றார். "அது சரி. ஆளு யாரு?"

ஓக்ஜூ தூசி அறைப் பக்கம் பார்க்கவில்லை. "ஆளெல்லாம் இல்ல. அசல்ல இல்லாதது எது இருந்தாலும் அழுக்குன்னு துடைக்கிறது உங்க தூசி மெஷின். நீங்க வரைஞ்ச கடலு அசல்ல இல்லையே. அதையும் துடைச்சிடுச்சு. துடைச்சா அடியில என்ன இருக்குமோ அதுதான் வந்துச்சு."

பாங் நம்பினாரா என்று தெரியவில்லை. படியேறி வந்தவர்களை வரவேற்கப் போய்விட்டார். போகிற போக்கில் காபி கொண்டுவரச் சொல்லி மிரானுக்குக் குரல் கொடுத்தார்.

காபி வரவில்லை. மிரான் தூசி அறையிலிருந்து வெளியே வந்தாள். கைகளில் கையுறைகள் இல்லை. அவற்றை மடித்துத் தன் மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தாள், சின்னக் கத்தரியை அவற்றின் மேல் வைத்து. மெலிந்த விரல்கள், வெளிச்சம் படாமல் வெளுத்திருந்தன. பார்வையறைக் கதவருகே நின்று திரையின் வலது ஓரத்தை ஒருமுறை பார்த்தாள்.

ஓக்ஜூ கைப்பையிலிருந்து பிரிக்காத ஈரத்துணி ஒன்றை எடுத்து நீட்டினாள். தல்சூ அபூர்வமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வியாழக்கிழமை நானும் அந்தக் கடைக்குப் போவேன். எப்பவும் ரெண்டு பேருக்குத்தான் சொல்லுவேன்."

மிரான் அதை வாங்கினாள். உறையின் மேலிருந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். ஆணியிலிருந்து வைக்கோல் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டாள். அது அவளுக்குப் பெரிதாக இருந்தது, கண்வரை இறங்கியது. படியேறி வந்தவர்கள் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றவள், கடைசி ஆள் உள்ளே போனதும், ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.